மகள் விமான நிறுவனத்தில் வேலை: அப்பா அம்மா ஸ்டாண்ட்பையில் துபாய் போகலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அண்ணாச்சி கேட்டிருக்கிறார். மகள் துபாயில் ஒரு விமான நிறுவனத்தில் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்துவிட்டது. இனிமேல் அப்பா அம்மாவுக்குச் சலுகை டிக்கெட் உண்டாம், ஆனால் ஸ்டாண்ட்பையாம், அதாவது சீட் மிச்சம் இருந்தால்தான் ஏற்றுவார்களாம். ஆகஸ்ட் கடைசியில் போகலாமா, பக்கத்தில் இருக்கிற வாகைகுளத்திலேயே, அதாவது தூத்துக்குடி விமான நிலையத்திலேயே, ஏறிவிடலாமா, பெட்டி எவ்வளவு கொண்டுபோகலாம், திரும்பி வரும்போது சீட் கிடைக்குமா என்பதுதான் அவருடைய கேள்விகள்.

போகலாம் அண்ணாச்சி. ஆகஸ்ட் கடைசியில் வேண்டாம். வாகைகுளத்திலிருந்து வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். நான் விமான நிலையக் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் பல வருஷம் நின்றவன். ஸ்டாண்ட்பை பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுகிற வேலையும் பார்த்திருக்கிறேன்.

மகளுக்குக் கிடைத்திருப்பது விலையில் சலுகை, சீட்டில் இல்லை. காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறிய பிறகு மிச்சம் இருந்தால் உங்களுக்கு. ரயில் வெயிட்டிங் லிஸ்ட் மாதிரிதானே என்பார்கள். அது பாதிதான் சரி. நெல்லை எக்ஸ்பிரஸில் முந்திப் போட்டவருக்கு முந்திக் கிடைக்கும். இங்கே நீங்கள் இரண்டு மாதம் முன்னாலேயே பெயர் போட்டிருப்பீர்கள். நேற்று ராத்திரி பெயர் போட்ட இருபது வருஷ சர்வீஸ்காரர் உங்களைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிடுவார். பட்டியலின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரும்பாலும் கம்பெனி வேலையாகப் போகிறவர்கள் முதலில், பிறகு சொந்த ஊழியர்கள், அவர்களோடு சேர்ந்து போகிற கணவன் மனைவி பிள்ளைகள், அதன் பிறகு தனியாகப் போகிற பெற்றோர், கடைசியில் மற்ற விமான நிறுவனங்களின் ஆட்கள். ஒரே வகையில் பலர் இருந்தால் வேலைக்குச் சேர்ந்த தேதியைப் பார்ப்பார்கள். சில இடத்தில் யார் முதலில் செக்-இன் செய்தார் என்று பார்ப்பார்கள். உங்கள் மகள் புதிதாகச் சேர்ந்தவள், நீங்கள் இருவரும் தனியாகப் போகிறீர்கள். அப்படியானால் பட்டியலில் உங்கள் இடம் கீழேதான் இருக்கும். அவள் லீவில் வந்து, திரும்பும்போது உங்களைக் கூட்டிப்போனால் பல கம்பெனிகளில் நீங்களும் அவளுடைய வரிசைக்கு ஏறிவிடுவீர்கள். முதல் பயணத்துக்கு அதுதான் நல்ல வழி.

டிக்கெட் எந்த வகை என்று மகளிடம் கேளுங்கள். ஐடி 90 என்றால் அடிப்படைக் கட்டணத்தில் 90 சதவீதம் தள்ளுபடி, ஐடி 50 என்றால் பாதி. வேறு கம்பெனி விமானத்தில் போவதற்கு 'ஸெட்' கட்டணம் என்று ஒன்று உண்டு. தூரத்தை மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான தொகை வைத்திருப்பார்கள். எதுவானாலும் வரியில் தள்ளுபடி கிடையாது. அதனால் ஆள் இல்லாத சீசனில் சாதாரண டிக்கெட் விலையும் சலுகை டிக்கெட் விலையும் கிட்டத்தட்ட வந்துவிடும். அந்த வித்தியாசத்தைக் கார் வாடகையே தின்றுவிடும் என்றால் பேசாமல் உறுதியான டிக்கெட்டையே எடுத்துவிடுங்கள். டிக்கெட்டில் ஆர்2 என்று இருந்தால் ஸ்டாண்ட்பை. ஆர்1 என்று இருந்தால் சீட் உறுதி. சில கம்பெனிகள் வருஷத்துக்கு ஒரு தடவை உறுதியான டிக்கெட்டும் தரும். அப்படி ஒன்று இருந்தால், அவள் தனக்காக வைத்துக்கொள்ளாமல் முதல் தடவை விமானம் ஏறுகிற உங்களுக்குத் தரட்டும்.

அடுத்து, எங்கே ஏறுவது? நம்ம திருநெல்வேலிச் சீமைக்கு மூன்று பக்கமும் விமான நிலையம். கிழக்கே வாகைகுளம், வடக்கே மதுரை, தென்மேற்கே திருவனந்தபுரம். ஸ்டாண்ட்பைக்கு இருக்கிறதிலேயே மோசம் பக்கத்தில் இருக்கிற வாகைகுளம்தான். தூத்துக்குடி விமான நிலையத்துக்குப் புது முனையம் 2025 ஜூலையில் திறந்தார்கள், ஓடுபாதையையும் 3 கிலோமீட்டருக்கு மேல் நீட்டிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஏ.டி.ஆர். என்கிற காற்றாடி விமானம், எழுபது எண்பது சீட்டுக்குள். சின்ன விமானத்தில் காலி சீட் இருந்தாலும் எடைக் கணக்கு இடிக்கும். வெயில் ஏறின மத்தியானம், காற்று எதிராக அடிக்கிற நாள், இறங்குகிற இடத்தில் மழை என்று கூடுதல் எரிபொருள் போட்ட நாள், இப்படி ஏதாவது ஒன்று இருந்தால் சீட் காலியாகக் கிடக்கும், ஆனாலும் உங்களை ஏற்ற மாட்டார்கள். அது போக, அங்கிருந்து துபாய்க்கு நேர் விமானம் இல்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் மாற வேண்டும். ஒரே நாளில் இரண்டு இடத்தில் சீட்டுக்குக் காத்து நிற்க வேண்டும். முதல் விமானம் தவறினால் இரண்டாவதும் போச்சு.

மதுரையில் வெளிநாட்டு விமானங்கள் உண்டு, ஆனால் கொழும்பு, துபாய் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு நாளைக்கு ஒன்று போகிற இடத்தில் இன்று தவறினால் நாளைதான். கொழும்பு வழியாகப் போகச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். அங்கே அடுத்த விமானத்தில் சீட் கிடைக்காமல் நின்றுபோனால், வெளியே வந்து ஒரு அறை எடுப்பதற்குக்கூட இலங்கை நுழைவு அனுமதி கையில் இருக்க வேண்டும். ஸ்டாண்ட்பையில் போகிறவர் எந்த ஊரில் மாறினாலும் அந்த ஊருக்குள் இறங்குகிற உரிமை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும்.

ஆகவே திருவனந்தபுரம். வளைகுடாவுக்கு அங்கிருந்து பல கம்பெனிகள் தினமும் ஓட்டுகின்றன, துபாய்க்கு 300 சீட்டுக்கு மேல் உள்ள பெரிய விமானமும் வரும். பெரிய விமானத்தில் வராமல் போகிற பயணிகளும் அதிகம், அது உங்களுக்கு லாபம். துபாய் கிடைக்கவில்லை என்றால் சார்ஜா, அபுதாபி என்று பக்கத்தில் இறங்கி மகளை வந்து கூட்டிப்போகச் சொல்லலாம். ஸெட் டிக்கெட்டுகளை இரண்டு மூன்று கம்பெனிகளில் போட்டு வைத்துக்கொண்டு, உபயோகிக்காததற்குப் பணம் திரும்ப வாங்கிக்கொள்வது ஊழியர்கள் வழக்கமாகச் செய்கிறதுதான். அதற்கு விதி இடம் கொடுக்கிறதா என்று மட்டும் மகள் பார்த்துக்கொள்ளட்டும்.

சென்னையையும் ஒதுக்கிவிட வேண்டாம். துபாய்க்கு ஒரே நாளில் பல விமானங்கள் இருப்பதால் ஒன்று தவறினால் அடுத்ததற்குப் பெயரை மாற்றிவிடலாம். தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் எனக்குச் சென்னையே மேல். ராத்திரி ரயிலில் ஏறி வெள்ளன தாம்பரத்தில் இறங்கி, புறநகர் ரயிலில் திரிசூலம் வந்தால் எதிரே விமான நிலையம். நாகர்கோவிலில் ஆள் இருந்தால் திருவனந்தபுரம். தங்க இடம் இருக்கிற பக்கம் போங்கள்.

திருவனந்தபுரத்தில் இரண்டு சங்கதி. வெளிநாட்டு முனையம் சாக்கை பக்கம், உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம். டிரைவரிடம் சரியாகச் சொல்லாவிட்டால் ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். இன்னொன்று, பத்மநாப சுவாமி கோயில் ஆராட்டு. பங்குனியிலும் ஐப்பசியிலும் வருஷத்துக்கு இரண்டு தடவை சுவாமி ஓடுபாதை வழியாகவே கடலுக்கு எழுந்தருளுவார். அன்றைக்குச் சாயங்காலம் சில மணி நேரம் விமானங்களை நிறுத்தி, நேரத்தையெல்லாம் மாற்றிவிடுவார்கள். பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டிய காட்சி. ஸ்டாண்ட்பைக்காரர் அந்தத் தேதியில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

இனி, எந்த நாள் போவது என்கிற கணக்கு. மகளால் 'லோடு' பார்க்க முடியும், அதாவது ஒரு விமானத்தில் எத்தனை சீட் விற்றிருக்கிறது, எத்தனை மிச்சம் என்கிற கணக்கு. அவளுடைய கம்பெனி விமானம் என்றால் உள்ளேயே தெரியும். மற்ற கம்பெனி விமானத்துக்கு ஸ்டாஃப்டிராவலர் மாதிரி செயலியில் கேட்டால் அந்தக் கம்பெனியில் இருக்கிற யாராவது பார்த்துச் சொல்வார்கள். எண்ணை எப்படிப் படிப்பது என்றுதான் பலருக்குத் தெரியாது. ஒரு உதாரணம்: 180 சீட் விமானம், விற்றது 171, மிச்சம் 9. ஊழியர் பட்டியலில் 14 பேர். பதினாலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உங்களுக்கு மேலே எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆறு பேர் என்றால் ஏழாவதும் எட்டாவதும் நீங்கள். ஒன்பது சீட்டில் அடங்கிவிடுகிறீர்கள். ஆனால் கடைசி நேரத்தில் நாலு விமானச் சிப்பந்திகளை வேறு ஊரில் வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அதே விமானத்தில் ஏற்றினால் கதை முடிந்தது. முந்தைய விமானம் ரத்தாகி அந்தக் கூட்டம் இதில் வந்து சேர்ந்தாலும் அப்படித்தான். மறுபக்கம், விற்ற 171 பேரும் வந்து சேர மாட்டார்கள். ரயில் தாமதம், விசாவில் குளறுபடி, குடிநுழைவில் நிறுத்தப்படுகிறவர் என்று சிலர் எப்போதும் விழுவார்கள். எனவே ஒரு நாள் எண்ணை வைத்து முடிவு செய்யாமல், மூன்று நாள் தொடர்ந்து பாருங்கள். மிச்சம் 20, 15, 9 என்று இறங்கிக்கொண்டே போனால் அந்த விமானத்தை விட்டுவிடுங்கள். 12, 11, 11 என்று அசையாமல் நின்றால் கிளம்பலாம்.

இரண்டு பேர் பெயரும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால், ஒரு சீட் மட்டும் காலியாகும்போது உங்களைத் தாண்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். தனித்தனியாகப் போகச் சம்மதமா என்பதை வீட்டிலேயே பேசி முடித்துக்கொண்டு வாருங்கள். கவுன்ட்டரில் வைத்து "நீ போ, நான் நாளைக்கு வாரேன்" என்று ஆரம்பித்து, மதினி கண்ணைத் துடைக்க, இரண்டு நிமிஷம் கழிந்து அந்த ஒரு சீட்டும் போய்விட்ட காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் தடவை போகிற தம்பதி என்றால் பிரிய வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

இந்தியாவில் இன்னொரு விசேஷம். அமெரிக்காவில் ஸ்டாண்ட்பைக்காரர் உள்ளே போய் கேட்டில் காத்திருப்பார். இங்கே போர்டிங் பாஸ் இல்லாமல் குடிநுழைவு, பாதுகாப்புச் சோதனை எதையும் தாண்ட முடியாது. அதனால் காத்திருப்பதெல்லாம் செக்-இன் கவுன்ட்டர் முன்னால்தான். வளைகுடா விமானங்கள் பல பின்னிரவில் கிளம்புகிறவை. ராத்திரி ஒரு மணிக்குப் போய்ப் பாருங்கள்: வரிசைக்கு வெளியே, தூண் ஓரமாக, கையில் பாஸ்போர்ட்டோடு நாலைந்து பேர் யாரையும் பார்க்காத மாதிரி நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள்தான் ஸ்டாண்ட்பை. கவுன்ட்டர் திறந்ததும் முதலில் போய் "ஸ்டாண்ட்பை, இரண்டு பேர்" என்று சொல்லி, பாஸ்போர்ட்டும் விசாவும் சரிபார்த்துக்கொண்டு, ஓரமாக உட்காருங்கள். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். புறப்பாட்டுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னால் கவுன்ட்டரை மூடும்போதுதான் பெயர் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் டீ குடிக்கப் போனவருக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். "ஃபுல் சார்" என்று முதலில் சொன்னாலும் கிளம்பிவிடாதீர்கள். "விமானம் குளோஸ்" என்று சொல்கிற வரை நிற்க வேண்டும். சக்கர நாற்காலி தேவை என்றால் பெயர் போடும்போதே மகள் பதிந்துவிடட்டும். கடைசி நிமிஷத்தில் கேட்டால் நாற்காலி தள்ள ஆள் வருவதற்குள் நேரம் போய்விடும்.

"எம் பொண்ணு ஒங்க கம்பெனிலதான் வேல பாக்கா" என்று உரக்கச் சொல்வதால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. பக்கத்தில் முழுக் காசு கொடுத்து நிற்கிறவருக்கு எரிச்சல்தான் வரும். சண்டை போட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, அவளுடைய சலுகையை நிறுத்திவிடுவார்கள். உடை விஷயத்திலும் அப்படியே. பல கம்பெனிகளில் ஊழியர் குடும்பத்துக்கு உடை விதி உண்டு. பேன்ட், சட்டை, ஷூ என்று போய்விட்டால் கேள்வியே வராது. வேட்டிக்கு இடம் உண்டா என்று மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாரம் கட்டிக்கொண்டு மட்டும் போக வேண்டாம்.

இப்போது பெட்டி. மதினிக்கு இது பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன்: ஆளுக்கு ஒரு கைப்பை, ஏழு கிலோ, அவ்வளவுதான். பெரிய பெட்டி போட்டால், நீங்கள் ஏறாவிட்டால் அதைத் திரும்ப இறக்க வேண்டும். ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு நீங்கள் மாறும்போது பெட்டி எங்கே என்று தேட வேண்டும். கைப்பையில் நெய், நல்லெண்ணெய், ஊறுகாய் விட மாட்டார்கள். அல்வா வாங்குவதென்றால் சின்ன பாக்கெட்டாகப் போதும். மசாலா சாமானில் கசகசா ஒரு துளியும் இருக்கக் கூடாது, அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். அரைத்த பொடியில் சேர்த்திருந்தாலும் வேண்டாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் மருத்துவர் சீட்டோடு கையிலேயே இருக்கட்டும். திரும்பி வீட்டுக்கு வர வேண்டியிருந்தாலும் இரண்டு நாளைக்குத் தாங்குகிற அளவு. சாப்பாடும் கொஞ்சம் கட்டிக்கொள்ளுங்கள், பொடி தடவிய இட்லி போதும். கடைசியில் ஏறுகிறவருக்குச் சாப்பாடு இல்லாமல் போவது உண்டு. சீட் கிடைக்காமல் நின்றுபோனால் ஹோட்டல், இழப்பீடு எதுவும் கிடையாது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏ விதியில் இருப்பதெல்லாம் உறுதியான டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு.

காரை உடனே அனுப்பிவிடாதீர்கள். போர்டிங் பாஸ் கைக்கு வந்த பிறகுதான் டிரைவர் கிளம்ப வேண்டும். காத்திருப்புக் காசு முதலிலேயே பேசிவிடுங்கள். வழியனுப்ப வேன் பிடித்து ஊரே வருகிற நம்ம வழக்கம் இந்தப் பயணத்துக்கு ஒத்துவராது. தெருவில் தாக்கல் சொல்லிவிட்டுக் கிளம்பி, மறுநாள் காலையில் அதே பையோடு வந்து இறங்கினால் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். அந்தக் கூச்சத்துக்குப் பயந்தே, லோடு மோசம் என்று தெரிந்தும் விமான நிலையத்தில் மூன்று நாள் கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகு போன் போட்டுச் சொன்னால் போதும். அப்படியே, சித்தப்பா மகன், மச்சான் என்று யாராவது "ஒங்க பொண்ணு மூலமா எனக்கும் ஒரு டிக்கெட்" என்று கேட்டால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிவிடுங்கள். சலுகையைக் காசுக்கு விற்றதாக ஒரு புகார் போனாலே அவள் வேலை போய்விடும்.

திரும்பி வருவதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். போகிறபோது சீட் கிடைக்கவில்லை என்றால் வீட்டுக்கு வந்துவிடலாம். அங்கே நின்றுபோனால் விசா நாள் ஓடும். சுற்றுலா விசா முடிந்து தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம், ஆளுக்கு. எனவே விசா முடிவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே திரும்பும் முயற்சியை ஆரம்பியுங்கள். முதல் நாள் திருவனந்தபுரம், கிடைக்காவிட்டால் கொச்சி, சென்னை என்று எதிலே இடமோ அதிலே ஏறுங்கள். இந்தியாவுக்குள் வந்துவிட்டால் ரயிலோ பஸ்ஸோ இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரு வழி முழு டிக்கெட் எடுக்கிற பணத்தை மகள் தனியாக எடுத்து வைத்திருக்கட்டும். அந்தப் பணம் இல்லை என்றால் ஸ்டாண்ட்பையில் கிளம்பவே கூடாது. கோயில் கொடை, கல்யாணம், சடங்கு என்று தேதி குறித்த காரியத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தாலும் உறுதியான டிக்கெட்தான். துக்க வீட்டுக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், எந்த விலைக்கு வந்தாலும் வாங்கிவிடுங்கள்.

ஆகஸ்ட் கடைசி ஏன் கூடாது என்றால், வளைகுடாவில் பள்ளிக்கூடம் கோடை விடுமுறை முடிந்து திறக்கிற நேரம் அது. ஜூன் கடைசியிலிருந்து அங்கிருந்து ஊருக்கு வருகிற விமானமெல்லாம் நிரம்பி வரும். ஆகஸ்ட் கடைசியில் அதே குடும்பங்கள் பிள்ளைகளோடு திரும்பிப் போகும். ஓணமும் அதை ஒட்டியே வருவதால் செப்டம்பரிலும் முதல் பாதி நெருக்கடிதான். டிசம்பர் இரண்டாம் பாதியிலிருந்து பொங்கல் வரை வேண்டாம். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு லீவு விடுகிற ஏப்ரல், மே மாதங்களும் வேண்டாம். அப்போது அங்கே வெயிலும் தாங்காது. பிப்ரவரி நல்லது. இரண்டு பக்கமும் கூட்டம் குறைவு, துபாயில் குளிரும் இதமாக இருக்கும். பெருநாள் எந்தத் தேதியில் வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு, செவ்வாய் அல்லது புதன் ராத்திரி விமானமாகப் பார்த்துப் பெயர் போடச் சொல்லுங்கள். வியாழன், வெள்ளி ராத்திரியைத் தொடாதீர்கள். பாஸ்போர்ட் காலாவதிக்கு ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்பதை இப்போதே எடுத்துப் பாருங்கள்; புதுப்பிக்க வேண்டியிருந்தால் பிப்ரவரிக்குள் அது கைக்கு வந்துவிடும்.